கைமுறுக்கில் விட்ட போல்ட்

ஆயுத பூசையன்று கார் சர்வீஸ் பண்ணக் கூடாது என்று எந்தச் சாத்திரத்திலும் எழுதியிருக்காது. ஆனால் திருப்போரூர்ப் பக்கத்து மெக்கானிக் யாரிடமாவது அன்றைக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி பார்ப்பார்கள். ஸ்பேனர், கட்டிங் பிளேயர், ஜாக்கி என்று எல்லாமே டீசலில் குளித்து, துணியில் துவட்டி, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு பலகையில் ஏறிவிடும். கற்பூரம் காட்டிவிட்டால் முடிந்தது. மறுநாள் காலை மறுபடி கற்பூரம் காட்டுகிறவரை ஒருத்தரும் அவற்றைத் தொடக் கூடாது. வருஷமெல்லாம் அடி வாங்குகிற இரும்புக்கு ஒரு நாளாவது ஓய்வு வேண்டாமா?

சுதாகர் இதில் படு கறார். மற்ற எல்லாவற்றிலும் சேர்த்துக் கறார்தான். ஆயில் பில்டர் மாட்டும்போது பழைய ரப்பர் வளையம் இஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் புதியதை மாட்ட மாட்டான். பழையதன் மேலேயே புது வளையம் உட்கார்ந்தால் ஓடுகிற வண்டியில் ஆயில் பிய்த்துக்கொண்டு அடிக்கும் என்று கேட்காதவர்களுக்கும் விளக்குவான். அப்படிப்பட்டவன் அந்த வருஷம் ஆயுத பூசை மத்தியானத்தில் ஒரு காருக்கு ஆயில் மாற்ற ஒப்புக்கொண்டான் என்றால், வந்த ஆள் யார் என்று சொல்லியாக வேண்டும்.

வந்தவன் தர்மராஜ், சுதாகரின் மனைவி சங்கவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். திருவிடந்தைக் குப்பத்தில் கடலுக்குப் போகிற குடும்பம் அவர்களுடையது. சுதாகர் இந்தப் பக்கம் நெல் விளைகிற ஊர்க்காரன். அவனும் சங்கவியும் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். அன்றைக்கே தர்மராஜ் இரண்டு பேருடைய நம்பரையும் போனில் பிளாக் செய்துவிட்டு, தங்கச்சி என்று ஒருத்தி இருந்ததையே மறந்துவிட்டவன் மாதிரி நடந்துகொண்டான். மூன்று வருஷம் ஓடிவிட்டது. இடையில் எழில் பிறந்தாள். அவள் தவழ்ந்து, எழுந்து, கடையில் கிடக்கிற டயரைப் பிடித்துக்கொண்டு நடக்கவும் தொடங்கிவிட்டாள். தாய்மாமன் யாரென்று தெரியாமலே ஒரு பிள்ளை வளர்கிறதே என்று சங்கவி அழாத மாதம் கிடையாது.

அந்தத் தாய்மாமன் முன்னறிவிப்பே இல்லாமல் கடை வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, சாயங்காலம் தெருவில் வண்டிக்குப் பூசை போடுகிறார்கள், அதற்குள் ஆயில் மாற்ற முடியுமா என்று கேட்டான். கேட்டது சுதாகரைத்தான், பார்த்தது ஸ்டியரிங்கை.

தர்மராஜ் கடலை விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்தவன். பைபர் போட் படகையும் வலையையும் விற்றுவிட்டு அந்தப் பழைய வெள்ளை டீசல் காரை வாங்கியிருந்தான். ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளிலிருந்து ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவதுதான் இப்போது பிழைப்பு. அந்த இஞ்சின் நின்றுபோனால் திரும்பிப் போக அவனுக்குப் போட் இல்லை. இது சுதாகருக்கும் தெரியும். ஊரில் எத்தனை கடை இருக்க, அந்த வண்டியை இங்கே கொண்டுவந்தானே, அதற்கு என்ன அர்த்தம்? சங்கவி ஓடிப்போய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். சுதாகர் பலகையில் ஏறியிருந்த ஸ்பேனர்களில் நாலைந்தைத் திரும்பக் கீழே இறக்கினான்.

முதலில் ஒரு குறை சொன்னான் தர்மராஜ். ஆயில் லைட் சும்மா சும்மா எரிகிறது, பயமாக இருக்கிறது என்றான். சுதாகர் பானெட்டைத் திறந்து பார்த்தான். ஆயில் அளவு சரி, சென்சார்தான் செத்திருந்தது. லீவு நாளில் புதுசு கிடைக்காது. "அத கண்டுக்காத மச்சான். சென்சார் அவுட்டு. எரிஞ்சா எரியட்டும், கட கண்ணி தெறந்ததும் மாத்தித் தரேன்" என்றான். மச்சான் என்ற சொல் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. தர்மராஜ் அதை மறுக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில், தான் என்ன சொன்னோம் என்பதைச் சுதாகர் யோசிக்கவே இல்லை.

பழைய ஆயில் கருகருவென்று தட்டில் இறங்கியது. அது சொட்டு நிற்கிறவரை பொறுமையாக இருந்தான். பில்டரைக் கழற்றினான், ரப்பர் வளையம் அதோடே வந்துவிட்டதா என்று பார்த்தான், புது வளையத்தில் ஆயில் தடவி மாட்டினான். அடியிலிருக்கிற ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டான். பிறகு போல்ட்டைக் கையால் முறுக்கி ஏற்றினான். நல்ல மெக்கானிக் எவனும் முதலில் கையால்தான் ஏற்றுவான். எடுத்த எடுப்பில் ஸ்பேனரைப் போட்டால் போல்ட்டின் மரை கோணலாகப் பிடித்துக் கெட்டுப்போகும். கைமுறுக்கு நின்ற இடத்திலிருந்து பதினேழாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு ஓர் இழுப்பு இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

அந்த ஓர் இழுப்புக்கு முன்னால் எழில் சிரிக்கிற சத்தம் கேட்டது.

சுதாகர் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தான். தர்மராஜ் காரை விட்டு இறங்கியிருந்தான். டயரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோன எழிலை இரண்டு கையாலும் தூக்கித் தலைக்கு மேலே பிடித்திருந்தான். அவள் அவன் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். சங்கவி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். இதைப் பார்க்காமல் எவன் படுத்துக்கிடப்பான்? சுதாகர் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தான். அப்புறம் நாற்காலி போட்டார்கள், காபி வந்தது, அம்மா எப்படி இருக்கிறாள் என்று சங்கவி கேட்டாள், இருக்கிறாள் என்று அண்ணன் சொன்னான். பூசைக்கு நேரமாகிறது என்று சங்கவி மிச்சமிருந்த சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கழுவினாள். சுதாகர் கையைத் துடைத்துக்கொண்டு புது ஆயிலை ஊற்றினான், அளவுக்குச்சியை இழுத்துப் பார்த்தான், இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் குனிந்து பார்த்தான். அடியில் ஈரமே இல்லை. தர்மராஜ் குழந்தையின் கையில் ரூபாய் நோட்டு ஒன்றைத் திணித்தான். ஊருக்குள் பூசணிக்காயும் மாலையும் வாங்கிக்கொண்டு அப்படியே போகிறேன் என்று கிளம்பிப் போனான்.

கடையில் பூசை நன்றாகத்தான் நடந்தது. பொரியும் கடலையும் படைத்து, வாழைக்கன்று கட்டி, சுதாகர் கற்பூரம் காட்டினான். எரிகிற கற்பூர வெளிச்சத்தில் ஸ்பேனர்கள் வரிசையாக மின்னின. எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு. பதினேழைப் பார்த்ததும் அவன் கை நின்றது. கடைசியாக அதைக் கையில் பிடித்தது எப்போது என்று யோசித்தான். பிடித்தது ஞாபகம் இருந்தது. கீழே போட்டதும் ஞாபகம் இருந்தது. நடுவில் இழுத்த ஞாபகம் மட்டும் இல்லை.

"சங்கவி, இந்தப் பதினேழ எப்ப எடுத்த?"

"அண்ணன் புள்ளய தூக்கறப்போ நீ வெளிய வந்துட்டல்ல, அப்பறம்தான். டயராண்ட கெடந்துச்சு. இன்னாத்துக்குக் கேக்கற?"

அவன் கார் நின்ற இடத்துக்கு ஓடினான். சிமென்ட் தரையில் சொட்டுகள் இருந்தன. பழைய ஆயிலாக இருந்தால் மைபோல் கறுத்திருக்கும், மனசை ஆற்றிக்கொள்ளலாம். இவை தேன் நிறத்தில் இருந்தன. புது ஆயில். இஞ்சின் சூடாகி, ஆயில் இளகி, கிளம்புகிற நேரத்திலேயே கசிய ஆரம்பித்திருக்கிறது. வண்டி குலுங்கக் குலுங்கப் போல்ட் மேலும் மேலும் கழலும். ஆயில் தீர்ந்தால் லைட் எரியும். எரிந்தாலும் நிறுத்தாமல் ஓட்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

போன் போட்டான். ஒரு தடவை மணி அடித்துத் துண்டித்துக்கொண்டது. மறுபடி போட்டான், மறுபடி அதேதான். சங்கவி தன் போனிலிருந்து போட்டாள். அதுவும் அப்படியே. அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. மனசு மாறி வீடு தேடி வந்தவன், போனில் போட்ட பூட்டைத் திறக்க மறந்திருக்கிறான். பக்கத்துப் பஞ்சர் கடை இருசப்பனிடம் போன் வாங்கிப் போட்டார்கள். இப்போது மணி முழுசாக அடித்தது, யாரும் எடுக்கவில்லை. தெரியாத நம்பர் என்றால் வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டான் என்று சங்கவி சொன்னாள்.

போக வேண்டியதுதான். ஆனால் பதினேழு பலகையில் இருந்தது, கற்பூரம் இன்னும் அணையவில்லை. சுதாகர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். இருசப்பனிடம் பதினேழு இருக்குமா என்று கேட்டான். அதுவும் பூசையில் இருக்கிறது என்றான் அவன். அந்த வட்டாரத்தில் அன்றைக்கு எந்த ஸ்பேனரும் பூசைக்கு வெளியே இல்லை. சங்கவிதான் நடந்துபோய், செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையிலிருந்து பதினேழை எடுத்துக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். "சாமி கோச்சுக்கினா நா பாத்துக்கறேன்" என்றாள். அதோடு நிற்காமல் எழிலை இடுப்பில் தூக்கிக்கொண்டு பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பிறந்த வீட்டுப் பக்கம் அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போதா என்று கேட்கிற தைரியம் சுதாகருக்கு இல்லை. ஆயில் கேனை டேங்க்கின் மேல் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

திருப்போரூர்க் கடைத்தெரு முழுக்கப் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். கடைக்குக் கடை, லாரிக்கு லாரி, சிவப்பு சிவப்பாகக் குங்குமத்தோடு சிதறிக் கிடந்தது. ரோட்டில் ஆயில் சொட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகலாம் என்று நினைத்தவனுக்கு, எது ஆயில், எது பூசணி நீர், எது எலுமிச்சம்பழம் என்று புரியவில்லை. வழுக்கிய இடத்தில் ஒரு தடவை விழப் பார்த்தான். குழந்தை கத்தியது. சங்கவி அவன் தோளில் ஓங்கிக் குத்தினாள். மெதுவாகப் போ என்பதற்கா, வேகமாகப் போ என்பதற்கா என்று அவனுக்கே தெரியவில்லை.

நெம்மேலிக்குத் திரும்புகிற ரோட்டில் கடைகள் தீர்ந்து இரண்டு பக்கமும் கழிவெளித் தண்ணீர் வந்ததும் தார் சுத்தமானது. அங்கேதான் முதல் சொட்டைப் பார்த்தான். கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்று. பிறகு அடிக்கடி. வேகத்தடை வந்த இடத்திலெல்லாம் ஒரு கொத்தாகச் சிந்தியிருந்தது. பாலத்துக் காற்று முகத்தில் அடித்தது. தண்ணீரில் யாரோ நின்று கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுதாகருக்கு அவர்கள் மேல்கூடக் கோபம் வந்தது. இவ்வளவு நடக்கிறது, இவர்கள் பாட்டுக்கு நிற்கிறார்களே! போன சொட்டை மனசில் அளந்து, இஞ்சினில் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினான். பாதி இருக்கும் என்று தோன்றியது. கால் இருக்கும் என்று தோன்றியது. இதற்குமேல் கணக்குப் போடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

நெம்மேலியில், ஈ.சி.ஆரில் ஏறுகிற இடத்தில், ரோட்டோரம் தாம்பாளம் அளவுக்கு ஆயில் தேங்கியிருந்தது. கார் அங்கே ஓரங்கட்டி நின்றிருக்கிறது. நின்றுவிட்டான், இங்கேதான் எங்கேயோ இருப்பான் என்று சுதாகரின் மனசு துள்ளியது. பைக்கை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தான். டீக்கடையில் கேட்டான். வெள்ளைக் கார் ஒன்று நின்றது, டிரைவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், அப்புறம் கிளம்பிப் போய்விட்டார் என்றார்கள். அதற்கப்புறம் ரோட்டில் சொட்டே இல்லை. சொட்டு இல்லை என்றால் சிந்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். சங்கவிக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. மெக்கானிக்கோடு மூன்று வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறாள்.

லீவு நாள் கூட்டம் மாமல்லபுரத்திலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கார்களுக்கு நடுவே புகுந்து புகுந்து போனார்கள். திருவிடந்தைக் கோயில் பக்கம் கழுத்தில் மாலையோடு கல்யாணத்துக்கு வேண்டிக்கொள்ள வந்தவர்கள் ரோட்டைக் கடந்தார்கள். சுதாகர் விடாமல் ஹாரன் அடித்தான். ஒரு கிழவர் திட்டினார். கடற்கரைப் பக்கம் திரும்புகிற சந்தைச் சங்கவி கை நீட்டிக் காட்டினாள். 

குப்பத்தில் மாரியம்மன் கோயில் முன்னால் நாலைந்து ஆட்டோவும் வேனும் தர்மராஜின் காரும் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் மாலை போட்டாகிவிட்டது. ஊர் முழுக்க அங்கே இருந்தது. சங்கவியின் அம்மா கன்னியம்மா தட்டில் கற்பூரத்தோடு மகனின் கார் முன்னால் நின்றாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தர்மராஜ் உள்ளே உட்கார்ந்து சாவியில் கை வைத்திருந்தான். சாவியைத் திருப்பி, பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நாலடி நகர வேண்டும். அதுதான் முறை.

"ஸ்டார்ட் பண்ணாத மச்சான்" என்று சுதாகர் பைக்கிலிருந்தே கத்தினான்.

தெருவே திரும்பிப் பார்த்தது. கன்னியம்மா மருமகனை அதற்குமுன் நேரில் பார்த்ததில்லை. அவள் பார்த்தது, நல்ல நேரத்தில் பூசைக்குக் குறுக்கே கத்திக்கொண்டு வருகிற ஓர் ஆளை. பின்னாலிருந்து இறங்குகிறவள் தன் மகள் என்பது தெரிவதற்குள், தடுத்துவிட்டானே பாவி என்று வாயை விட்டுவிட்டாள். சுதாகர் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. மணலில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனான். கடற்கரை மணல் குடித்ததுபோக மிச்சம் கொஞ்சம் ஈரம் இருந்தது. போல்ட் விழாமல் கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. பதினேழைப் போட்டு இழுத்தான். மத்தியானமே இழுத்திருக்க வேண்டிய இழுப்பு அது.

எழுந்து வந்து, என்ன நடந்தது என்று ஊர் கேட்கவே சொன்னான். போல்ட்டைக் கையால் முறுக்கிவிட்டு, ஸ்பேனர் போட மறந்து அனுப்பிவிட்டேன், வண்டி மேல் தப்பில்லை, ஓட்டியவன் மேலும் தப்பில்லை. சொல்லிக்கொண்டே கேனைத் திறந்து ஆயிலை ஊற்றினான். அவசரத்தில் கொஞ்சம் மாலையின் மேல் சிந்தியது.  இப்போது ஸ்டார்ட் பண்ணு என்றான்.

தர்மராஜ் சாவியைத் திருப்பினான். இஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஊர் கை தட்டியது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின, கார் நாலடி நகர்ந்து நின்றது, யாரோ பூசணிக்காயைத் தூக்கிப் போட்டு உடைத்தார்கள். கன்னியம்மா கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு மகளைக் கட்டிக்கொண்டாள். பேத்தியை வாங்கி முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் அங்கே அத்தனை பேரும் நினைத்தார்கள்.

சுதாகர் பானெட்டில் கை வைத்து நின்றான். கீழிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. டக், டக், டக் என்று, கூட்டத்தின் இரைச்சலுக்கு அடியில். ஆயில் இல்லாமல் ஓடியதில் இஞ்சினுக்குள் பேரிங் தேய்ந்துபோயிருந்தது. இதை அங்கே வேறு யாரும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு போய்விடலாம். வண்டி இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ ஓடும், பிறகு ஏர்போர்ட் ரோட்டில் எங்கேயாவது நிற்கும், பழைய வண்டிதானே என்பார்கள். மாமியார் இப்போதுதான் சிரிக்கிறாள். சங்கவியின் முகத்தை அவன் பார்த்தான். பிறகு கார்க் கதவருகே போய்க் குனிந்தான்.

"ஆஃப் பண்ணிடு மச்சான். பேரிங் பூட்ச்சி. ஓட்டாத. ஓட்டினா மொத்தமா போய்டும்."

தர்மராஜ் ஆஃப் பண்ணினான். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான், அடிப்பான், இன்னொரு மூன்று வருஷம் பேச மாட்டான் என்று சுதாகர் காத்திருந்தான்.

"தெரியும்" என்றான் தர்மராஜ். "நெம்மேலியாண்டயே லைட்டு எரிஞ்சிச்சி. நீ கண்டுக்காதன்ன. அப்பறம் இந்தச் சத்தமும் லேசா வந்துச்சு. ஓரங்கட்டிட்டு உனுக்குப் போன் போடலாம்னு எடுத்தேன். மூணு வருசம் கயிச்சி இன்னிக்குத்தான் உன்னாண்ட வந்தேன். பாதி வயில நின்னுகினு உன் வேல மேல சந்தேகம்னு எப்புடிக் கேக்கறது? நம்பி ஓட்டிகினு வந்துட்டேன்."

 ஏசியிருந்தால் சுதாகர் தாங்கியிருப்பான். நெம்மேலியில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் தர்மராஜ் தன் சந்தேகத்தைக் கேட்டிருந்தால் இஞ்சின் பிழைத்திருக்கும். மரியாதை பார்த்து மரியாதை பார்த்தே இரண்டு பேருமாக அதைக் கொன்றிருக்கிறார்கள்.

சங்கவி இதைக் கேட்டுக்கொண்டு பின்னால் வந்து நின்றிருந்தாள். அவளுக்குத்தான் முதலில் கோபம் பொங்கியது. "மூணு வருசமா நாங்க இன்னா சொன்னாலும் நம்பல. நம்பறதுக்கு இன்னிக்குத்தான் கெடச்சிதா உனுக்கு?" என்று கேட்டவள், கேட்டு முடிக்கும் முன்பே அழுதுவிட்டாள். அண்ணன் கதவைத் திறந்து இறங்கி, அவள் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

சுதாகர் கையைச் சட்டையில் துடைத்தான். நாளைக்கே வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறேன், இஞ்சினை இறக்கிப் பேரிங் மாற்றுகிறேன், வேறு எந்த வேலையையும் தொட மாட்டேன் என்றான். தர்மராஜ் சரி என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் சுதாகருக்குப் பயமாக இருந்தது.

"நீயும் வா" என்றான். "பக்கத்துலயே நில்லு. நா முறுக்கற ஒவ்வொரு போல்ட்டையும் உன் கையால ஒரு வாட்டி இழுத்துப் பாரு. சொல்றத அப்படியே கேட்டுக்காத, ஏன்னு கேளு. என்னய நம்பாத மச்சான்."

தர்மராஜ் அவனை நேராகப் பார்த்தான். மத்தியானம் முழுக்க, காபி குடிக்கும்போதுகூட, அப்படிப் பார்த்ததில்லை.

"சரி மாப்ள" என்றான். "நம்பல."